கையும் இருக்கட்டும், விளக்கும் எரியட்டும்: பழைய கார்களின் சிக்னல் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. பழைய கார்களின் பக்கத் தூணிலிருந்து வெளியே எழும்பும் செம்மஞ்சள் நிறக் கையான டிராஃபிகேட்டரை இன்றைய வீதியில் அப்படியே வைத்திருக்கலாமா, அல்லது அதை அகற்றிவிட்டு மினுக்கும் சிக்னல் விளக்குகளைப் பொருத்துவதுதான் முறையா என்பதே அந்த விடயம். ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த இக்கடிதங்களுக்கு மாத்திரம் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எனது தந்தையார் ஓட்டிய 1956 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் இப்பொழுது என்னிடம் இருக்கிறது. அதன் இரண்டு டிராஃபிகேட்டர்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆயினும் அண்மையில் அனுராதபுரச் சந்தியில் வலப்புறம் திரும்புவதற்காகக் கையை உயர்த்திக் காத்திருந்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வலப்பக்கமாகவே முந்த முயன்று கதவோடு உரசிச் சென்றது. சிக்னலே போடவில்லை என்று அந்த இளைஞர் என்னைத்தான் குறை கூறினார். கராஜில் கேட்டால், கைகளைக் கழற்றி, தூணில் உள்ள துவாரத்தைத் தகடு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டு, நான்கு மூலையிலும் புதிய விளக்குகளைப் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாங்கள் என்ன கூறுகிறீர்கள்?
– வாசகர், ஓர்ஸ் ஹில்

பதில்: கராஜில் சொன்னதில் பாதி சரி. நான்கு மூலையிலும் மினுக்கும் விளக்குகள் கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்காகக் கைகளைக் கழற்ற வேண்டியதில்லை. தூணை அடைப்பதோ செய்யவே கூடாத வேலை. இரண்டையும் ஒரே காரில், ஒரே சுவிட்சின் கீழ் இயங்கச் செய்யலாம். அதைத்தான் தங்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

அந்த இளைஞர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே டிராஃபிகேட்டர் புதிய கார்களிலிருந்து மறைந்துவிட்டது. ஒஸ்டின் ஏ30 காரில் இருந்த கை, 1956 இல் அதன் வழிவந்த ஏ35 வெளியானபோது இல்லாமற் போனது. ஐரோப்பாவில் விற்பனையான வொக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் அது 1960 வரை நீடித்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரில் 1961 வரையில் இருந்தது. அமெரிக்காவிலோ 1939 ஆம் ஆண்டு ப்யூக் கார்களிலேயே மினுக்கும் விளக்கு வந்துவிட்டது. ஆகவே இன்று வீதியில் செல்லும் ஒருவரின் கண், முன்னால் நிற்கும் வாகனத்தின் பின்புற மூலைகளில் ஏதேனும் மினுங்குகிறதா என்று மாத்திரமே தேடப் பழகியிருக்கிறது. தங்கள் காரின் கையோ முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூணில், வண்டியின் நடுப்பகுதியில், அசையாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் இருப்பது 3 வாட் பல்பு ஒன்று. இன்றைய சிக்னல் விளக்குக்குரிய பல்பு 21 வாட். திருகோணமலையின் நண்பகல் வெயிலில் அந்த 3 வாட் வெளிச்சம் எரிகிறதா இல்லையா என்பதை அருகில் நின்று பார்த்தாலே உறுதியாகச் சொல்ல முடியாது. நெருக்கமாகப் பின்னால் வரும் லொறிச் சாரதிக்கும், காரின் பின்மூலையை ஒட்டி வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அந்தக் கை கண்ணிற் படாமலே போவதற்கு நிறைய வாய்ப்புண்டு. நமது நாட்டில் இடப்பக்கமாக வாகனம் ஓட்டுவதால் வலப்புறம் திரும்புவதுதான் ஆபத்தான திருப்பம். அந்தத் திருப்பத்தில், காணப்படாத சிக்னலும் போடப்படாத சிக்னலும் ஒன்றுதான்.

அப்படியானால் கையை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அது அந்தக் காரின் உடம்போடு பிறந்த உறுப்பு என்பது ஒரு காரணம். பழைய காரை மதிப்பவர்களுக்கு அது போதும். இன்னொரு காரணம் முழுக்க முழுக்க நமது ஊரைச் சேர்ந்தது. தூணில் உள்ள துவாரத்தைத் தகடு வைத்து ஒட்டினால், அந்தத் தகட்டின் உட்பக்கத்துக்குப் பெயின்டும் போகாது, காற்றும் போகாது. உட்துறைமுகத்தையும் கொட்பே கடலையும் தழுவி வரும் உப்புக்காற்றில் அந்த ஈரம் தூணுக்குள்ளேயே தங்கி, கதவின் பூட்டைத் தாங்கும் அதே தூணை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது உள்ளே தகடு முடிந்திருக்கும். பின்னொரு நாள் கையைத் திரும்பப் பொருத்த விரும்பினாலும் தூணையே வெட்ட வேண்டிவரும். பழைய காரில் செய்யும் எந்த மாற்றமும் ஒரு ஸ்பானராலும் ஒரு திருகாணிச் சாவியாலும் திரும்ப அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

இனி வயரிங் வேலைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டிராஃபிகேட்டர் எழுவது மின்காந்தத்தால். சுவிட்சைத் தட்டியதும் தூணுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து, அது ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, அந்தத் தண்டு கையை மேலே தூக்குகிறது. கை மேலெழுந்ததும் அதனுள் இருக்கும் பல்பு எரிகிறது. மின்சாரம் நின்றதும் கை தன் பாரத்தாலேயே கீழே விழுந்து, தற்செயலாக வெளியே ஆடாதபடி பூட்டிக்கொள்கிறது. ஆகவே கைக்குத் தேவை இடைவிடாத மின்சாரம். விளக்குக்குத் தேவை விட்டுவிட்டு வரும் மின்சாரம். இதை யோசிக்காமல், ஸ்டியரிங் தண்டில் உள்ள சுவிட்சுக்கு முன்னால், மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பிளாஷர் ஒன்றைச் செருகிவிட்டு, கைக்குப் போகும் வயரிலேயே புதிய விளக்குகளையும் இணைத்தால், கையும் விளக்கோடு சேர்ந்து மேலும் கீழும் அடித்துக்கொள்ளத் தொடங்கும். அரும்பொருளான அந்த உறுப்பு சில நாட்களிலேயே உடைந்துபோகும்.

சரியான வழி, இரண்டு ரிலேக்களை, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகளை, வைப்பதுதான். கைகளுக்குப் போகும் பழைய வயர்களில் கை வைக்க வேண்டாம். அக்காலப் பிரித்தானியக் கார்களுக்கு மின்கருவிகள் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் முறைப்படி, பியூஸிலிருந்து வருவது பச்சை வயர். இடக்கைக்குப் போவது பச்சையில் சிவப்புக் கோடு உள்ளது. வலக்கைக்குப் போவது பச்சையில் வெள்ளைக் கோடு உள்ளது. அறுபது ஆண்டு அழுக்கில் நிறம் தெரியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். இடையில் யாராவது வயரை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், சோதனை விளக்கு வைத்து உறுதிப்படுத்துவது நல்லது. இவ்விரு வயர்களிலிருந்தும் ஒவ்வொரு கிளையை எடுத்து, இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு சாதாரண நான்கு முனை ரிலேக்களின் 85 அல்லது 86 ஆம் முனையில் கொடுத்து, மற்ற முனையை எர்த் செய்யுங்கள், அதாவது காரின் உலோக உடம்போடு இணையுங்கள். புதிய பிளாஷருக்கு 10 ஆம்பியர் பியூஸ் ஒன்றினூடாகத் தனி மின்சாரம் கொடுத்து, பிளாஷரிலிருந்து வெளிவரும் வயரை இரண்டு ரிலேக்களின் 30 ஆம் முனைக்கும் கொண்டுபோங்கள். 87 ஆம் முனையிலிருந்து அந்தந்தப் பக்கத்தின் முன் விளக்குக்கும் பின் விளக்குக்கும் வயர் செல்லட்டும். இப்போது சுவிட்சைத் தட்டினால் கை அசையாமல் எழுந்து நிற்கும். அதே பக்கத்து விளக்குகள் மினுங்கும். திருப்பம் முடிந்து ஸ்டியரிங் நேராகும்போது பழைய சுவிட்ச் தானாகத் திரும்பினால், கையும் விளக்கும் ஒன்றாகவே அணையும். 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 3.5 ஆம்பியர். அந்தச் சுமை பழைய சுவிட்சின் மெல்லிய தொடுமுனைகளின் மேல் விழாமல் ரிலேயே அதைத் தாங்கிக்கொள்வது இம்முறையின் இன்னொரு நன்மை.

விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைகள் வரை மினுங்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பின்னால் வருபவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்ள மாட்டார். பிளாஷர் இயங்குவது தங்களுக்குத் தெரியும்படி, சிறிய பச்சை விளக்கொன்றை டாஷ்போட்டின் கீழ் விளிம்பில் ஒரு பிடிகம்பியில் தொங்கவிடுங்கள். டாஷ்போட்டைத் துளைக்க வேண்டாம்.

சந்தியில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் கையின் கம்பிச் சுருள் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம். முன்னால் இருக்கும் வரிசை நகரத் தொடங்கும் வரை சுவிட்சை இடையிடையே அணைத்துப் போடலாம். ஆனால் பின்னால் வாகனம் வந்துகொண்டிருக்கும்போது அப்படிச் செய்ய வேண்டாம். சுருள் எரிந்தால் மாற்றலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு மொரிஸ் மைனரின் முன் மட்கார்டிலோ பின் மட்கார்டிலோ ஒரு துளைகூடப் போடுவதற்கு என் கணவர் சம்மதிக்கிறார் இல்லை. முன்னால் இருக்கும் சிறிய வெள்ளை விளக்கையும், பின்னால் இருக்கும் சிவப்புப் பிரேக் விளக்கையுமே சிக்னலாக மினுங்கச் செய்யலாம் என்று ஒருவர் கூறினார். அது சரிவருமா?
– வாசகி, மூதூர்

பதில்: சரிவரும் அம்மா, ஆனால் நல்லதன்று. அந்த முறை அந்தக் காலத்திலேயே இருந்தது. எம்.ஜி.ஏ. போன்ற கார்களில் ஒரு ரிலேப் பெட்டியை வைத்து, சிக்னல் போட்ட பக்கத்துப் பிரேக் விளக்கை மட்டும் பிரேக் இணைப்பிலிருந்து பிரித்தெடுத்து மினுங்க வைத்தார்கள். எனவே காலத்துக்கு ஒவ்வாத மாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஆனால் வீதியில் நடப்பதைப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு சிக்னலும் போட்டால், ஒரு பக்கம் சிவப்பு நிலையாக எரியும். மறுபக்கம் அதே சிவப்பு மினுங்கும். மைனரின் பின்விளக்கு உள்ளங்கையளவுகூட இல்லாதது. மழை பெய்யும் மாலையில் பின்னால் வருபவர் அதைப் பிரேக் என்று எடுப்பதா, திரும்பல் என்று எடுப்பதா, இணைப்பு ஆடும் பழைய பல்பு என்று எடுப்பதா என்று தீர்மானிப்பதற்குள் தூரம் தீர்ந்துவிடும். பிரித்தானியாவில் 1965 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து புதிதாக வீதிக்கு வந்த வாகனங்களுக்குச் செம்மஞ்சள் நிறத்தையே கட்டாயமாக்கினார்கள். சிக்னலின் நிறம் வேறு எந்த விளக்கின் நிறத்தோடும் கலக்கக் கூடாது.

தங்கள் கணவர் துளை போடச் சம்மதிக்காதது முற்றிலும் நியாயம். துளை தேவையே இல்லை. முன்னும் பின்னும் பம்பரைத் தாங்கும் போல்ட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் போல்ட்டிலேயே பிடிபடும்படி, இரண்டு விரலகல இரும்புப் பட்டையில் ‘எல்’ வடிவப் பிடிகம்பி நான்கை வெல்டிங் கடையில் செய்வித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் சிறிய வட்டமான செம்மஞ்சள் விளக்கை அதில் பொருத்தினால், பம்பருக்குச் சற்றுக் கீழே, வண்டியின் ஓரத்தை ஒட்டி நிற்கும். இயன்றவரை வெளிப்பக்கமாக அமையட்டும். இரண்டு விளக்குகளும் நடுவில் நெருங்கி இருந்தால் எந்தப் பக்கம் மினுங்குகிறது என்பது தூரத்தில் தெரியாது. காரை விழாவுக்கோ திருமண ஊர்வலத்துக்கோ பழைய தோற்றத்திலேயே கொண்டுபோக விரும்பினால், நான்கு போல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றிவிடலாம். அதற்காக வயர்களில் வெட்டுப் போடாமல், இழுத்தால் பிரியும் புல்லட் கனெக்டர்களை வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். பெயின்ட் அடித்த பிடிகம்பியை எர்த்தாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயரை எடுத்துச் சென்று, காரின் உடம்பில் பெயின்டைச் சுரண்டிய சுத்தமான இடத்தில், பல் வைத்த வாசர் போட்டு இறுக்கி, அதன்மேல் வாசலின் பூசுங்கள். சிக்னல் மங்கலாக எரிவதற்கும், ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் சேர்ந்து மினுங்குவதற்கும், கடலோரத்தில் ஓடும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் இணைப்பையே. மாரி மழை ஓய்ந்த பின்னர், தை மாதத்தில் ஒரு தடவை அந்த இடங்களைக் கழற்றிப் பார்ப்பது போதும்.

கேள்வி: எல்.ஈ.டி. பல்புகள் குறைந்த மின்சாரத்தில் நன்றாக எரியும் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தேன். எனது 1954 ஆம் ஆண்டு ஒஸ்டினில் முன்னரே யாரோ சிக்னல் விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அதிலிருந்த பல்புகளைக் கழற்றி இவற்றைப் போட்டால் எரியவே இல்லை. கடைக்காரரோ பல்புகள் நல்லவை என்கிறார். அங்கேயே எரித்தும் காட்டினார்.
– வாசகர், கிண்ணியா

பதில்: கடைக்காரர் சொன்னது உண்மை. பல்புகள் பழுதானவை அல்ல. தங்கள் கார் மற்றக் கார்களைப் போன்றதல்ல. அக்காலப் பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் பட்டரியின் நேர் முனையே உடம்போடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களிலோ மறை முனைதான் எர்த். சாதாரண இழைப் பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமாகப் பாய்ந்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. ஒரு திசையில் மாத்திரமே மின்சாரத்தை விடும். மறை எர்த் வாகனத்துக்கென்று செய்யப்பட்ட எல்.ஈ.டி. பல்பைத் தங்கள் காரில் போட்டால் அது எரியாது. பட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து, தடித்த எர்த் வயர் எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரு திசையிலும் எரியும்படி செய்யப்பட்ட எல்.ஈ.டி. பல்புகளையோ, நேர் எர்த்துக்கென்றே விற்கப்படும் பல்புகளையோ கேட்டு வாங்கலாம். அப்போதும் பழைய பிளாஷர் ஒத்துழைக்காது. அதற்குள் இருப்பது சூடேறி விரிந்து இணைப்பைத் துண்டித்து, ஆறிச் சுருங்கி மீண்டும் இணைக்கும் உலோக உறுப்பு. இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் மின்சாரம் ஓடினால்தான் அது உரிய வேகத்தில் சூடேறும். எல்.ஈ.டி. இழுக்கும் சொற்ப மின்சாரத்தில் அது சூடேறவே மாட்டாது. விளக்கு மினுங்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருக்கும். எல்.ஈ.டி.க்கென்று வரும் எலெக்ட்ரோனிக் பிளாஷர் வேண்டும். அந்தப் பிளாஷரும் நேர் எர்த்தை ஏற்றுக்கொள்வதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். ரிலே வாங்கும்போதும் இதே கவனம் தேவை: உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மாத்திரம் விடும் உறுப்பு) வைத்த ரிலேயை முனை மாற்றி இணைத்தால் பியூஸ் போய்விடும், டயோட் இல்லாத சாதாரண ரிலே எந்தப் பக்கமும் வேலை செய்யும்.

காரையே மறை எர்த்துக்கு மாற்றிவிடுவது மற்ற வழி. பட்டரி வயர்களை இடம்மாற்றுவதோடு அந்த வேலை முடிந்துவிடாது. இக்னிஷன் கொயிலின் இரு முனைகளையும் மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் புதிய முனைவைப் பழக்க வேண்டும். அதாவது, அதன் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, பட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து ‘எஃப்’ என்று குறித்த முனையில் கணநேரம் தொட்டு எடுக்க வேண்டும். அம்மீற்றர் இருந்தால் அதன் வயர்களும் மாற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் தொடாமல் நிறுத்துங்கள், அது எரிந்துபோகலாம். இவ்வளவையும் ஒரு சிக்னலுக்காகச் செய்வதற்கு நான் உடன்படமாட்டேன். தங்களுக்கு இப்போதைக்கு என் ஆலோசனை, அந்த எல்.ஈ.டி. பல்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய 21 வாட் பல்புகளையே மாட்டுங்கள் என்பதே. அவற்றில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு பல்பு எரிந்துபோனால் சூடேறும் பிளாஷரின் தாளம் மாறிவிடும் அல்லது நின்றுவிடும். சாரதி இருக்கையிலேயே தங்களுக்கு அது தெரிந்துவிடும்.

எனினும், இரவில் அதிகம் ஓடுபவருக்கு எல்.ஈ.டி.யின் பக்கமும் நியாயம் உண்டு. அக்கால டைனமோ முழு வேகத்திலேயே சுமார் 20 ஆம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து சந்தியில் நிற்கும்போது, முன்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் எல்லாமே பட்டரியிலிருந்துதான் இழுக்கின்றன. சிக்னல் ஒவ்வொரு தடவை மினுங்கும்போதும் முன்விளக்கு மங்கி எழுவதைத் தாங்களே கண்டிருப்பீர்கள். அது தொந்தரவாக இருந்தால் முதலில் எர்த்தையும் பட்டரியையும் பாருங்கள், பின்னர் எல்.ஈ.டி. பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வலப்பக்கக் கை பாதி எழும்பி நின்றுவிடுகிறது. சில வேளைகளில் முழுதாக எழும்பினாலும் கீழே இறங்குவதில்லை. வெளியே கையை நீட்டித் தட்டிவிட வேண்டியிருக்கிறது. புதியது வாங்க வேண்டுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: வாங்க வேண்டாம். பெரும்பாலும் இது அழுக்கும் காய்ந்த எண்ணெயும் செய்யும் வேலை. பாதி எழும்பி நிற்கும் கையைக் கதவுக் கண்ணாடியினூடாக உற்றுப் பாருங்கள்: கையின் அடியில், அது தூணைச் சந்திக்கும் இடத்தில், கறுத்துப் பசைபோலான ஒரு படிவு தெரியும். கடற்கரை மணலின் நுண்துகளும் பழைய கிரீஸும் சேர்ந்த கலவை அது. சுவிட்சைப் போட்டுக் கையை உயர்த்தி, ஒருவர் விரலால் மெதுவாகத் தாங்கிக்கொள்ள, சுவிட்சை அணையுங்கள். சிறிய தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து அந்தப் படிவைக் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். பின்னர் ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியை ஏந்தி, கையும் அதை உயர்த்தும் பொறியும் சேரும் பூட்டு ஊசியில் மாத்திரம் விடுங்கள். ஒரு துளிக்கு மேல் வேண்டாம். கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது அடுத்த மணலைச் சேர்க்கும்.

அப்படியும் எழும்பாவிட்டால், பட்டரியிலிருந்து நேரடியாக ஒரு வயரைக் கொடுத்துப் பாருங்கள். துள்ளி எழுந்தால் கை நன்றாக இருக்கிறது. பழுது வயரிலோ சுவிட்சிலோ எர்த்திலோ இருக்கிறது. அப்போதும் சோம்பலாகவே எழுந்தால், தண்டு சுருளுக்குள் உரசுகிறது. முழுத் தொகுதியையும் தூணிலிருந்து வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கை வளைந்திருந்தாலும், யாரேனும் பெயின்ட் அடிக்கும்போது துவாரத்தின் விளிம்பில் தடிப்பாக அடித்துவிட்டிருந்தாலும் அது இறங்காது. விளிம்பைச் சுரண்டினால் தீரும்.

கை எழும்பியும் வெளிச்சம் வராவிட்டால், கையின் அடிப்புறத்தில் உள்ள சிறு திருகைக் கழற்றி மேல்மூடித் தகட்டை இழுத்தெடுங்கள். இரு நுனியும் கூம்பிய சிறிய குழாய்ப் பல்பு உள்ளே இருக்கும். பல்பு நல்லதாக இருந்தும் எரியாவிட்டால், கை மடியும் மூட்டில் ஓடும் நுண்ணிய வயர் முறிந்திருக்கும். கை எழுந்து விழும்போதெல்லாம் அந்த வயர் மடிந்து நிமிர்வதால் அங்கேதான் முதலில் அறும். அந்த இடத்துக்குத் தடித்த வயரைப் போட்டால் கையின் அசைவையே அது தடுக்கும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த, சிலிகன் உறையுள்ள வயரைத் தேடிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ளது 1959 ஆம் ஆண்டு பீட்டில். அதற்கும் இதே முறைதானா?
– வாசகர், கந்தளாய்

பதில்: முறை அதேதான், பொருட்கள் வேறு. தங்கள் காரின் பட்டரி 6 வோல்ட். ஆகவே பிளாஷர், ரிலே, பல்பு ஆகிய மூன்றுமே 6 வோல்ட்டுக்குரியவையாக இருக்க வேண்டும். அதே 21 வாட்டுக்கு ஒரு பல்பு 3.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால் வயர் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய வயரில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். பீட்டில் மறை எர்த் என்பதால் எல்.ஈ.டி.க்கு முனைப் பிரச்சினை இல்லை. 6 வோல்ட்டுக்குரியதுதானா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மேலே உள்ளவற்றோடு, பழுதடைந்து நிற்கும்போது நான்கு விளக்குகளும் ஒன்றாக மினுங்கும் வசதியையும் சேர்க்கலாமா? ஹபரணை வீதியில் இரவில் ஒரு தடவை நின்று மிகவும் பயந்துபோனேன்.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். யானை நடமாடும் காட்டு வீதியில் வெளிச்சமில்லாமல் நிற்கும் கார், பின்னால் வரும் லொறிக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். நான்கு 21 வாட் பல்புகளும் சேர்ந்து 84 வாட், 7 ஆம்பியர். இரண்டு பல்புகளுக்கென்று செய்யப்பட்ட 42 வாட் பிளாஷர் இதைத் தாங்காது என்பதால், இதற்கெனப் பெரிய பிளாஷர் ஒன்றும் தனிச் சுவிட்சும் வேண்டும். அதற்குரிய மின்சாரத்தைச் சாவியை எடுத்தாலும் உயிரோடிருக்கும் பியூஸிலிருந்து எடுங்கள். லூக்காஸ் பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 என்று குறித்த இடம் அது. அங்கிருந்து புறப்படுவது ஊதா நிற வயர். சிக்னலுக்குரிய பச்சை வயர் ஏ4 இலிருந்து வருகிறது, சாவியோடு சேர்ந்து அணைந்துவிடும். இந்தச் சுவிட்ச் விளக்குகளுக்கு மாத்திரம் மின்சாரம் கொடுக்க வேண்டும், கைகளுக்குப் போகக் கூடாது. ரிலேக்களின் 87 ஆம் முனைக்குப் பின்னால் இணைத்தால் கைகள் அசையாமல் உறங்கும்.

கேள்வி: சிக்னல் விளக்குப் பொருத்தும் வரை கையால் சைகை காட்டி ஓட்டலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: பகலில், வலப்பக்கம் திரும்பும்போது, கண்ணாடியை இறக்கி வலக்கையை முழுதாக நீட்டிக் காட்டுங்கள், டிராஃபிகேட்டரும் எழுந்திருக்கட்டும். இடப்பக்கத் திருப்பத்துக்கு அந்தக் கை பின்னால் வருபவருக்குத் தெளிவாக விளங்காது. இரவில் எந்தச் சைகையும் தெரியாது. ஆகவே வேலை முடியும் வரை இரவில் காரை வெளியே எடுக்காதிருப்பதே நல்லது. பிரெட்றிக் கோட்டைப் பக்கம் போனால் இன்னும் மெதுவாகச் செல்லுங்கள். மான்கள் வீதியைக் கடக்கையில் எல்லோரும் திடீரென்று பிரேக் போடுகிறார்கள். அந்த நேரத்தில் பின்னால் வருபவரின் கண் மான் மேல் இருக்குமே தவிரத் தங்கள் கையின் மேல் இருக்காது.

கேள்வி: பொருட்களைக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?
– முன்னர் எழுதிய மூதூர் வாசகி, தனித் தாளில்

பதில்: ஒற்றை இழை 21 வாட், 12 வோல்ட் பல்பு நான்கு, அடிப்பாகத்தின் இரு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருப்பவை. இரட்டை இழைப் பல்பின் ஊசிகள் ஏறி இறங்கி இருக்கும். அது இதற்குப் பொருந்தாது. விளக்கின் மூடி செம்மஞ்சள் நிறமாக இருந்தால் பல்பு வெள்ளையாகவே இருக்கட்டும். 42 வாட் பிளாஷர் ஒன்று, டயோட் இல்லாத 12 வோல்ட் நான்கு முனை ரிலே இரண்டு, பியூஸ் கூடு ஒன்றுடன் 10 ஆம்பியர் பியூஸ், புல்லட் கனெக்டர்கள். கையினுள் இருக்கும் 3 வாட் குழாய்ப் பல்பும் இரண்டு வாங்கி வையுங்கள். அதன் நீளம் பல அளவுகளில் வருவதால், பழைய பல்பைக் கடுதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டியே வாங்குங்கள்.